சாய்பலகையின் அடியில்

பங்குனி மாதம் முழுக்க எங்கள் வீட்டு முன்திண்ணையில் ஒரு சிறிய பிடிவாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் முக்கால் கிலோ எடையுள்ள ஒரு கினிப்பன்றி. மறுபக்கம் அறுபது வயதைக் கடந்த நான். நடுவில், அதன் கூண்டின் கீழ்த்தளத்தையும் மேல்தளத்தையும் இணைக்கும் ஒரு சாய்பலகை. அது ஏற வேண்டும் என்பது என் விருப்பம். ஏறுவதில்லை என்பது அதன் முடிவு. பலகையின் அடிவரை வரும், முன்கால் ஒன்றை வைக்கும், மூக்கைத் தூக்கி முகரும், பிறகு காலை எடுத்துக்கொண்டு மூலையிலிருக்கும் வைக்கோலுக்குள் போய்விடும். இந்தச் சிறு விஷயத்தைப் பற்றி இலக்கியம் பேசும் நண்பர்களிடம் எழுத என்ன இருக்கிறது என்று எனக்கே முதலில் தோன்றியது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் என்னைப் பற்றியும், என் அப்பாருவைப் பற்றியும், 'பழக்குதல்' என்று நாம் சொல்லிக்கொள்ளும் காரியத்தைப் பற்றியும் நான் அறிந்துகொண்டது சற்று அதிகம். அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் மகள் கோவையில் எங்களோடுதான் இருக்கிறாள். பேத்தியின் நச்சரிப்பு தாளாமல் இரண்டு பெண் கினிப்பன்றிகளை வாங்கி வந்தாள். பேத்தி அவற்றுக்கு லட்டு, பட்டாணி என்று பெயர் வைத்தாள். ஒன்று போதாதா என்று நான் கேட்டதற்கு, தனியாக இருந்தால் அது வாடிப்போகும் என்று மகள் சொன்னாள். அது உண்மைதான். இவை கூட்டமாக வாழும் உயிர்கள். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப்பன்றியைத் துணையில்லாமல் தனியாக வளர்ப்பதே சட்டப்படி கூடாது. விலங்கின் தனிமையைச் சட்டத்தின் கவலையாக்கிக்கொண்ட தேசத்தை எண்ணி அன்று சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை.

இந்தப் பிராணிக்குப் பெயர் பொருந்தவே இல்லை. இது பன்றியும் அல்ல, கினியிலிருந்து வந்ததும் அல்ல. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வீட்டுக்குள் கொண்டுவந்த கொறிவிலங்கு இது. அங்கே அதன் பெயர் 'கூய்'. அடுப்படியில் வளர்ந்து, விருந்து நாளில் உணவானது. பெருவின் கூஸ்கோ தேவாலயத்தில், மார்க்கோஸ் சபாட்டா பதினெட்டாம் நூற்றாண்டில் வரைந்த கிறிஸ்துவின் இறுதி விருந்து ஓவியம் இருக்கிறது. அதில் மேஜை நடுவே தட்டில் கிடப்பது கூய்தான் என்று அவ்வூர் மக்கள் காட்டுவார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது, அங்கே சீமாட்டிகளின் மடியிலும் பிறகு ஆய்வுக்கூடங்களின் மேஜையிலும் ஏறியது. ஆங்கிலத்தில் சோதனைக்கு ஆளாகும் மனிதனை இதன் பெயரால் குறிப்பார்கள். தமிழில் நாம் அதைச் 'சோதனை எலி' என்று மாற்றிக்கொண்டோம். பெயரளவில்கூட இதற்கு நம் மொழியில் ஓர் இடம் கிடைக்கவில்லை.

ஆனால் நம் மண்ணுக்கு இது முற்றிலும் அந்நியமும் அல்ல. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, கடலோடிகளைக் கொன்றுகுவித்த ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது. மனிதனைப் போலவே கினிப்பன்றியின் உடலும் வைட்டமின் சி-யைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாதது என்பது பின்னர் தெளிவானது. அந்த 1907ஆம் ஆண்டிலேயே நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஊட்டக் குறைவு நோய்களை ஆராய்ந்தார். புறாக்களும் குரங்குகளும் கினிப்பன்றிகளும் அதற்காக அங்கே கூண்டுகளில் இருந்தன. அவருடைய ஆய்வுக்கூடந்தான் 1958இல் ஹைதராபாதுக்கு இடம்பெயர்ந்து இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக அறியப்படுகிறது. நீலகிரி 1868 வரை கோயமுத்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அந்தக் கணக்கில், எங்கள் திண்ணைக்கு வந்த இந்த இரண்டும் நூறாண்டுப் பழைய விருந்தாளிகளின் வழிவந்தவை என்று சொல்லிக்கொள்ளலாம். கொத்தமல்லித்தழையையும் கொய்யாத் துண்டையும் தட்டில் வைக்கும்போதெல்லாம், ஒரு தழைத் துண்டு கிடைக்காமல் ஈறு கசிந்து செத்த அந்தக் குன்னூர்க் கூண்டுவாசிகளின் நினைவு எனக்கு வரத்தான் செய்கிறது.

இனி என் தவறுகளைச் சொல்ல வேண்டும்.

கூண்டு இரண்டடுக்குக் கூண்டு. மேல்தளத்தில் திண்ணைக் காற்று வரும், வேப்பமரம் தெரியும். எவ்வளவு அழகான இடம், இதை அனுபவிக்கத் தெரியவில்லையே என்று எனக்கு ஆதங்கம். முதலில் கையால் தூக்கி மேலே விட்டேன். இரண்டும் மூலையில் ஒடுங்கி, நான் கீழே இறக்கிவிடும்வரை அசையவில்லை. பிறகு பட்டாணியைப் பலகையின் அடியில் வைத்துப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினேன். 'மெல்ல' என்பது என் கணக்கு. பாதிப் பலகையில் அது திமிறிப் பக்கவாட்டில் குதித்துவிட்டது. அரை முழ உயரம்கூட இல்லை. ஆனாலும் அந்தக் குட்டைக் கால்கள் குதிப்பதற்காக அமைந்தவை அல்ல. நான்கு நாள் பின்காலைச் சற்றே தூக்கித் தூக்கி நடந்தது. அதன்பின் என் கை கூண்டுக்குள் வந்தாலே இரண்டும் ஓடி ஒளிந்துகொண்டன.

இரண்டாவது தவறு இன்னும் மோசமானது. நண்பர் ஒருவர், நாய்கள் வளர்த்துப் பழகியவர், மிகுந்த நம்பிக்கையோடு ஒரு யோசனை சொன்னார்: "தீனியை மேல வச்சிட்டுக் கீழ எதுவும் வைக்காதீங்க. பசிச்சா தானா ஏறும்." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஓரிரவு உலர்புல்லையும் தட்டையும் மேல்தளத்துக்கு மாற்றிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் லட்டு மயிர் சிலிர்த்து உருண்டைபோல் உட்கார்ந்திருந்தது. கொத்தமல்லியை மூக்கருகே நீட்டியும் வாய் திறக்கவில்லை. கால்நடை மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை ஏறிட்டார். இவற்றின் குடல் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், அரை நாள் உணவு நின்றாலே குடல் தேங்கத் தொடங்கிவிடும், பட்டினி என்பது இந்த உயிருக்குத் தண்டனை அல்ல, கொலை என்றார். இரண்டு நாள், இரவு பகலாக இரண்டு மூன்று மணி நேரத்துக்கொரு முறை, கூழாகக் கரைத்த தீனியை ஊசியில்லாப் பீச்சுகுழலில் எடுத்து வாயோரமாகப் புகட்டினோம். பேத்தி என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அது தானாக ஒரு அருகம்புல்லைக் கடித்தபோது எனக்கு உண்டான ஆறுதலை விவரிக்க எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை பேத்தி மௌனத்தைக் கலைத்து ஒன்று சொன்னாள். "நீங்க ஒருக்கா கீழ படுத்து அந்தப் பலகையப் பாருங்க அப்புச்சி."

படுத்தேன். கன்னத்தைத் தரையில் வைத்து, கினிப்பன்றியின் கண்மட்டத்தில் அந்தச் சாய்பலகையைப் பார்த்தேன். பலகை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் பலகையே அல்ல. கம்பிவலை. மேலே போகப்போக அதன் கண்ணிகள் வழியே அடியில் வெறும் பள்ளம் தெரிந்தது. முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் நீளம். ஏறக்குறைய 45 பாகைச் சரிவு. பக்கங்களில் தடுப்பு ஏதும் இல்லை. கினிப்பன்றியின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. வானத்திலிருந்து இறங்கும் பருந்தையும் பின்னால் வரும் நரியையும் தலை திருப்பாமலே காண அது உதவும். அதற்கு ஈடாக, எதிரிலுள்ள ஆழத்தை அளக்கும் திறன் குறைவு. முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று விரல், அடியில் மென்மையான வெறுந்தோல். அந்தக் கால்களை ஒரு கம்பியின்மீது வைத்து, ஆழம் தெரியாத ஒரு வெளியை நோக்கி ஏறு என்று நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அது மறுத்தது பயத்தால் என்று நான் எண்ணியிருந்தேன். அந்தப் பலகையைப் பற்றி எனக்குத் தெரியாதது அதற்குத் தெரிந்திருந்தது.

அப்படிப் படுத்திருந்தபோதுதான் அப்பாருவின் கவலை நினைவுக்கு வந்தது.

தென்மாவட்டங்களில் கமலை என்பதை எங்கள் பக்கம் கவலை என்போம். மனத்துயரத்துக்கும் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்பாட்டுக்கும் ஒரே சொல் வந்துசேர்ந்தது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதில் இறைத்தவர்களுக்கு அது தற்செயலாகத் தோன்றியிருக்காது. காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் 1970களின் தொடக்கம்வரை கவலை ஓடியது. 1930களிலேயே பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்துவிட்டது. அதை நம்பிக் கோவைப் பட்டறைகளில் மோட்டார்கள் உருவாயின. எங்கள் கிணற்றுக்கு அது வந்துசேர மேலும் நாற்பதாண்டு ஆயிற்று.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்றின் விளிம்பிலிருந்து வெளியே நோக்கி, கிணற்றின் ஆழத்துக்கு ஏறக்குறைய ஒத்த நீளத்தில், ஒரு மண்சரிவு இறங்கும். அதுதான் வாரி. இரண்டு எருதுகள் அந்தச் சரிவில் கீழ்நோக்கி நடந்தால் வடக்கயிறு இழுபட்டு, கிணற்றுக்குள்ளிருந்து சால் நிறைந்த நீரோடு மேலே வரும். ஓட்டுபவர் இறங்கும்போது கயிற்றின்மேல் உட்கார்ந்து தன் எடையையும் கொடுப்பார். சாலின் தோல்வால் வழியே நீர் தொட்டியில் கொட்டியதும், எருதுகள் திரும்புவதில்லை. பின்னங்காலாலேயே, முதுகுப் பக்கமாக, சரிவில் மேலேறி வர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கிணற்றை நோக்கிப் பின்னோக்கி நடப்பது. நாளுக்கு நூறு முறைக்கு மேல். யோசித்துப் பார்த்தால், ஒரு மாட்டிடம் மனிதன் கேட்டவற்றுள் மிகக் கடினமானது இதுவாகத்தான் இருக்கும்.

ஒரு புது எருதை அப்பாரு வாரிக்குப் பழக்கியதை நான் சிறுவனாக அருகிலிருந்து பார்த்தேன். காங்கேய மாடு. பிறக்கும்போது செம்மையாக இருந்து பிறகு மயிலை நிறத்துக்கு மாறும் இனம், திமிலும் கழுத்தும் கருத்திருக்கும். முதல் சில நாள் நுகத்தடியே இல்லை. மூக்கணாங்கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு அப்பாரு முன்னால் இறங்குவார், அது பின்னால் வரும். அடிவாரத்தில் ஒரு கை சோளத்தட்டு கொடுப்பார். அவ்வளவுதான். அடுத்து, வருடக்கணக்கில் இறைத்துப் பழகிய கிழட்டு எருதோடு ஜோடி சேர்த்தார். சால் இல்லை, வடம் மட்டும். பிறகு காலிச் சால். அதன்பின் பாதிச் சால். பின்னோக்கி ஏறும்போது புதியது நின்றுவிட்டால், கிழட்டு எருதும் நிற்கும், அப்பாருவும் நிற்பார். நானோ பொறுமையில்லாமல், சாட்டையை எடுத்து ஒன்று போடுங்கள் என்றேன். அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"வாரியில வச்சு அடிச்சா, மாடு நம்மளைய வெறுக்காது சாமி. வாரியத்தான் வெறுக்கும். அப்பறம் ஆயுசுக்கும் எறங்காது."

அப்பாருவை மகானாக்கும் நோக்கம் எனக்கு இல்லை. அவரிடம் சாட்டை இருந்தது, உழவில் அதைப் பயன்படுத்தவும் செய்தார். மூக்குக் குத்தி, காயடித்து, கோழி கூப்பிடும் நேரத்திலிருந்து வெயில் ஏறும்வரை இறைக்கவைக்கும் வாழ்க்கையில் மாட்டுக்கு என்ன சுகம் இருந்திருக்க முடியும். மோட்டார் வந்த அன்று மாடுகளுக்காக மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தக் கடுமையான ஏற்பாட்டுக்குள்ளும் ஓர் அறிவு இருந்தது. கற்கும் இடம் வலிக்கும் இடமாக ஆகிவிடக் கூடாது என்ற அறிவு. அது கருணையிலிருந்து வந்ததா, மாடு கெட்டுவிட்டால் வெள்ளாமை கெட்டுவிடும் என்ற கணக்கிலிருந்து வந்ததா என்று பிரிக்க என்னால் முடியவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன என்று நினைக்கிறேன். எனக்குத் திண்ணையில் வெள்ளாமை ஏதும் கெடப்போவதில்லை. ஆகவே எனக்கு அந்தக் கணக்கு இல்லை, கணக்கில்லாததால் பொறுமையும் இல்லை. செல்லப்பிராணி வளர்ப்பில் இருக்கும் அபாயம் இதுதான் என்று தோன்றுகிறது. உழவனுக்கு மாட்டின் தேவை இருந்தது, அதனால் அதன் இயல்பைக் கற்றான். நமக்குத் தேவை இல்லை, விருப்பம் மட்டுமே இருக்கிறது. அந்த விருப்பத்துக்கு அவசரம் அதிகம்.

தமிழில் 'பழகு' என்ற சொல்லை நான் அதன்பின் அடிக்கடி யோசித்தேன். ஒருவர் நன்றாகப் பழகுவார் என்கிறோம். வண்டி ஓட்டப் பழகினான் என்கிறோம். இடம் பழகிவிட்டது என்கிறோம். உறவு, பயிற்சி, பரிச்சயம் மூன்றுக்கும் ஒரே வினைதான். பழக்குதல் அதன் பிறவினை. பழகவைப்பது. அப்படியானால் நம்மோடு பழகாத ஒன்றை நாம் எதற்கும் பழக்க முடியாது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அடக்குதல், பணியவைத்தல் என்பவை வேறு சொற்கள், வேறு காரியங்கள். நான் செய்யத் தொடங்கியது அவற்றைத்தான், அதற்குப் பழக்குதல் என்று பெயர் வைத்திருந்தேன்.

பேருடல்களுக்கும் இது பொருந்தும். 2003இல் முதுமலையில் தொடங்கி, பின்னர் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் பவானிக் கரையில் பல ஆண்டுகள் நடந்த கோயில் யானைகள் நலவாழ்வு முகாமை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். யானைகளைத் தமிழகத்தின் பல மூலைகளிலிருந்தும் லாரிகளில் கொண்டுவந்தார்கள். லாரியில் ஏற மறுத்து மணிக்கணக்கில் நின்ற யானைகளைப் பற்றிய செய்திகளை அப்போதெல்லாம் நாளிதழில் படிப்பேன். 'அடம்பிடித்த யானை' என்பது தலைப்பாக இருக்கும். சில கோயில்களில் முன்கூட்டியே, பயணம் ஏதுமில்லாமல், லாரியில் ஏறி இறங்க மட்டும் நாள்தோறும் பழக்கினார்கள் என்ற செய்தியும் வரும். பல டன் எடையுள்ள ஓர் உயிர், தன் எடையைத் தாங்குமா என்று தெரியாத ஒரு ஆடும் தளத்தில் கால்வைக்கத் தயங்கினால் அதற்குப் பெயர் அடமா? தன் உடலின் எடை அதற்குத் தெரியும். மறுக்கும் உயிரைப் பார்த்து 'அதற்கு என்ன தெரிந்திருக்கிறது?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இதை எப்படி ஏற்றுவது?' என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம்.

நாங்கள் பிறகு செய்தது எளிமையான சில காரியங்கள். கம்பிவலையைக் கழற்றி எறிந்தோம். எண்பது சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு மரப்பலகையை அறுத்து வைத்தோம், சரிவு பாதியாகக் குறைந்து 22 பாகை அளவுக்கு வந்தது. அகலம் இருபது சென்டிமீட்டர், திரும்பிக்கொள்ளத் தோதாக. வழுக்காமலிருக்கக் குறுக்கே மெல்லிய சட்டங்கள். அவற்றின்மேல், வீட்டில் கிடந்த பழைய பவானி ஜமுக்காளத்தில் ஒரு துண்டை இழுத்துக் கட்டினோம். நகம் மாட்டும் வளையங்கள் இல்லாத அழுத்தமான நெசவு அது. இருபக்கமும் அட்டையால் தடுப்பு எழுப்பினோம். மேலே ஒரு துணியைப் போர்த்தியதும் பலகை ஒரு குகைபோல ஆகிவிட்டது. இந்தக் கடைசி யோசனை மகளுடையது. காட்டுக் கூய்கள் உயர்ந்த புல்லுக்கடியில் தடம்போட்டு, அந்தப் புல்சுரங்கங்களின் வழியேதான் போய்வரும் என்று எங்கோ படித்திருக்கிறாள். திறந்தவெளி அவற்றுக்குச் சாவின் வெளி. மூடிய வழி என்றால் வீட்டுக்குப் போகும் வழி.

அதன்பிறகு, சரிவையே மறந்துவிட்டோம். முதல் வாரம் பலகையைக் கூண்டின் தரையில் தட்டையாகக் கிடத்தினோம். அது நடந்து கடக்கும் ஒரு கம்பளமாக மட்டுமே இருந்தது. பிறகு ஒரு முனைக்கடியில் ஒரு புத்தகம் உயரத்துக்கு முட்டுக்கொடுத்தோம். சில நாள் கழித்து இரண்டு புத்தகம். நண்பர்கள் கோபிக்கக் கூடாது, ஒரு தடித்த விமர்சன நூலுக்கு அதுவே என் வீட்டில் கிடைத்த முதல் பயன். கீழே எப்போதும் தண்ணீரும் உலர்புல்லும் குறையாமல் இருந்தன. பலகையின் ஓரங்களில் கொத்தமல்லித்தழையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டோம். அது கூலியாகவோ தூண்டிலாகவோ இல்லாமல், வழியில் கிடைக்கும் ஒன்றாக இருந்தது. விடியலிலும் அந்தியிலுந்தான் அவை சுறுசுறுப்பாக இருக்கும், கோடையில் நடுப்பகலில் அவற்றை எதற்கும் அழைக்கக் கூடாது. பாதியில் நின்றால் நின்றுகொள்ளட்டும். திரும்பினால் திரும்பட்டும். யாரும் கை நீட்டக் கூடாது என்பது பேத்தி போட்ட சட்டம். அது முக்கியமாக எனக்காகப் போடப்பட்டது.

இதை எழுதும்போது ஒரு எதிர்வாதம் எனக்குக் கேட்கிறது. ஒருவர் அல்ல, பலர் கேட்பார்கள். நாமக்கல்லில் முட்டைக்கோழிகளையும் பல்லடத்தில் கறிக்கோழிகளையும் வளர்த்து நாடெங்கும் அனுப்பும் மண் இது. சிறகை விரிக்க இடமில்லாத கம்பிக்கூண்டுக்குள் முட்டைக்கோழிகள் வாழ்ந்து முடிகின்றன. அதே மண்ணில் இரண்டு செல்லப்பிராணிகளின் சாய்பலகைக்கு ஜமுக்காளம் விரிப்பது வசதிபடைத்தவர்களின் விளையாட்டு அல்லவா? இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. என் காலையுணவில் முட்டை இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன். எங்கள் பகுதியில் விடுதிப் பள்ளிகளை 'பிராய்லர் பள்ளி' என்று மக்களே அழைக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்து, மதிப்பெண் என்ற ஒரே உயரத்தை நோக்கி ஏற்றும் இடங்களுக்குக் கோழிக்கூண்டின் பெயரை வைத்தவர்கள் எழுத்தாளர்கள் அல்ல. கூண்டை நேரில் அறிந்தவர்கள். ஓர் உயிரை எப்படி நடத்துகிறோம் என்பது அந்த உயிரோடு நின்றுவிடுவதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பசித்தால் தானாக ஏறும் என்ற என் நண்பரின் வாக்கியத்தை, பிள்ளைகளைப் பற்றி எத்தனை பெற்றோர் வாயில் கேட்டிருக்கிறேன். நானே என் மகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவள் மறக்கவில்லை என்பது இந்தப் பங்குனியில்தான் எனக்குத் தெரிந்தது.

இன்னொரு கேள்வி இதைவிட நேரானது. மேல்தளம் எதற்கு? கினிப்பன்றி மரமேறும் உயிர் அல்ல, சமதரையில் ஓடும் உயிர். அதற்கு வேண்டியது அடுக்குகள் அல்ல, பரப்பு. ஒன்றின்மேல் ஒன்றாகத் தளங்களைக் கட்டிவிட்டு இடம் கொடுத்துவிட்டதாக எண்ணிக்கொள்வது அடுக்குமாடி மனிதர்களாகிய நம் பழக்கம். இதை நான் ஏற்கிறேன். கீழ்த்தளத்தையே ஒரு முழ நீளத்துக்கு மேல் விரித்துக் கட்டிவிட்டோம். இப்போது மேல்தளம் இல்லாமலும் அவற்றால் வாழ முடியும். கூண்டு வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: முதலில் தரையைப் பெரிதாக்குங்கள். அதன்பின் சரிவு வைப்பதானால், அது போகாமலே இருந்தாலும் குறையில்லை என்ற மனநிலையோடு வையுங்கள். மறுப்பதற்கான உரிமை இருக்கும் இடத்தில்தான் ஓர் உயிர் ஏறுவதற்குப் பொருள் இருக்கிறது.

ஏறியதா என்று கேட்பீர்கள். ஏறியது. ஆனால் நான் பார்க்கவில்லை. சித்திரைப் பிறப்பு கழிந்து சில நாள் இருக்கும். அந்தியில் திண்ணைக்கு வந்தபோது மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தது பட்டாணி, நான் தள்ளிவிட்டு நொண்டவைத்த பட்டாணிதான். வேப்பமரத்தை எல்லாம் அது பார்க்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டி எதையோ மென்றுகொண்டிருந்தது. சற்று நேரத்தில் கீழேயிருந்து லட்டு வீச்வீச்சென்று கத்தியது. பட்டாணி பதில்கொடுத்தது. பிறகு லட்டு துணிக்கடியில் நுழைந்து, ஜமுக்காளத்தின் வரிகளில் நகம் ஊன்றி, நின்று நின்று ஏறி அதன் அருகில் போய்ச் சேர்ந்தது. இவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகும் இயல்புடையவை. கிழட்டு எருதோடு புது எருதைப் பூட்டியதை நினைத்துக்கொண்டேன். இங்கே யாரும் பூட்டவில்லை.

இறங்குவதுதான் கடினம். உடலின் கனம் முன்னால் சரியும், ஆழம் எதிரில் நிற்கும். இரண்டும் சரிவின் உச்சியில் வந்து நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தன. என் கை தன்னியல்பாக நீண்டது. "அப்புச்சி" என்றாள் பேத்தி, அவ்வளவுதான். கையை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம். தெருவிளக்கு எரியத் தொடங்கியது. உள்ளேயிருந்து மகள் சாப்பிட அழைத்தாள். இருவரும் எழுந்து போகவில்லை.